மடங்கத் தெரியாத மோட்டார்

கேரளத்து ஏலமலையிலிருக்கும் எங்கள் வண்டன்மேட்டில் என்னைத் திமிர் பிடித்தவள் என்று ஒரு தடவையாவது நினைக்காதவர்கள் குறைவு. தாடையைத் தூக்கிக்கொண்டு மூக்கு நுனி வழியாக ஆளைப் பார்க்கிற டீச்சர். பஸ்ஸில், சபையில், ரேஷன் கடை வரிசையில், எங்கே நின்றாலும் அந்த நிற்பு மாறாது. என் இரண்டு கண்களும் பிறக்கும்போதே கீழே பார்த்து நின்றுவிட்டவை. இமைகள் முக்கால்வாசி இறங்கியே இருக்கும். எதிரில் இருப்பவரின் முகம் தெரிய வேண்டுமானால் தலையைப் பின்னால் சாய்த்தாக வேண்டும். நாற்பத்தைந்து வருஷமாகச் சாய்த்துக்கொண்டிருக்கிறேன்.

தயங்காமல் என் தலையைப் பற்றிப் பேசுகிற ஒரே ஆள், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கும் தாஸ் அண்ணன். மலையாளத்துக்காரர். பாதித் தமிழில் சொல்வார்: "டீச்சரே, தலை இச்சிரி தாழ்த்தணும்." நான் கொஞ்சம் தாழ்த்துவேன். படத்தில் கண் மூடியிருக்கும். என் கல்யாணப் படத்திலிருந்து அடையாள அட்டை வரை எல்லாவற்றிலும் நான் தூங்குகிறேன்.

அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது. என் மகள் அஞ்சுவுக்கும் இப்படித்தான்.

இந்த வருஷம் அஞ்சுவை இரண்டு முறை மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கிடத்தி, எழுப்பி, கொண்டுவந்தோம். இப்போது மழை விட்டிருக்கிறது. கையில் கொஞ்சம் நேரம் இருக்கிறது. இமை இறங்கிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நான் என்ன செய்து இது வந்தது என்று விட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தி எங்காவது இருப்பாள். இதை அவள் கையில் கொடுக்க நினைக்கிறேன்.

ஏலச்செடியில் காய் உச்சியில் காய்க்காது. செடியின் அடியில், மண்ணோடு ஒட்டிப் படர்ந்து கிடக்கும் சரத்தில் காய்க்கும். எடுக்கிறவர்கள் நாள் முழுக்கக் குத்தவைத்து, தரையைப் பார்த்தபடியே நகர வேண்டும். பிறகு உலர்ந்த காயை முறத்தில் கொட்டித் தரம் பிரிக்க வேண்டும். அதற்கும் குனிய வேண்டும். தலைமுறையாகக் கீழேயே பார்த்ததால் எங்கள் குடும்பத்துக் கண் கீழேயே நின்றுவிட்டது என்று எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் நம்பினார்கள். அப்பா அதை வேதவாக்காக நம்பினார். "நீ காயத் தொடாதட்டி. ஒனக்குப் பொறக்குற புள்ளையாவது மேல பாக்கட்டும்" என்று என்னை ஏலக்காட்டுக்குள் விடாமலே படிக்கவைத்தார். நான் தமிழ் டீச்சர் ஆனது அந்த நம்பிக்கையால்தான். அது தப்பு என்று தெரிந்த பிறகும் அவர் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, இனி இல்லை என்று எல்லாரும் கைவிட்ட பிறகு அஞ்சு வயிற்றில் வந்தாள். பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலம் அது. எங்கள் பள்ளியில் சம்பளம் நின்றது. என் வீட்டுக்காரர் சாமுவேல் ஒரு எஸ்டேட் ஸ்டோரில் டிரையர் பார்க்கிறவர். பச்சைக்காயை வெப்பத்தில் உலர்த்துகிற அறை அவர் பொறுப்பு. அங்கேயும் வேலை குறைந்தது. ஐந்தாம் மாதத்தில் நான் வீட்டுக்கே காய் வாங்கிவந்து தரம் பிரிக்க உட்கார்ந்தேன். எனக்கு அது சுலபம். என் கண் ஏற்கனவே முறத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறது.

சாமுவேலின் அக்கா ரோஸ் மதினி பக்கத்து வீடு. வாசலில் நின்று பார்த்தார்.

"எஸ்தரு, வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டுக் காயப் பொறுக்காதட்டி. ஒங்கப்பன் என்ன சொல்லி வளத்தாரு?"

"ரெண்டு மாசந்தான மதினி."

"கண்ணு போறதுக்கு ரெண்டு நாளு போதும்ட்டி."

அஞ்சு பிறந்து மூன்றாம் நாள் கண் திறந்தாள். இரண்டு கீற்று. மதினி தொட்டிலைக் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், வெந்நீர் வைக்கப் போய்விட்டார். அப்புறம் ஐந்து வருஷம் அதை அவர் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. அஞ்சு வாசற்படி தடுக்கி விழும்போதெல்லாம் அவர் பார்வை முதலில் அலமாரி மேல் கவிழ்த்து வைத்திருந்த முறத்துக்குப் போகும். பிறகு எனக்கு வரும். அது போதாதா?

நான் சமாளித்தேன், அவளும் சமாளிப்பாள் என்றுதான் இருந்தேன். பள்ளியில் கண் பரிசோதிக்க வந்தவர்கள் அஞ்சுவின் வலது கண்ணைக் கையால் மூடச் சொன்னார்கள். பலகையில் பெரிய எழுத்து. அவள் தலையை எவ்வளவு சாய்த்தும் வாசிக்கவில்லை. இடது இமை வலதை விட இறக்கம். வெளிச்சம் சரியாக வராத கண்ணை மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுவிடும் என்றார்கள். சோம்பேறிக் கண் என்று அதற்குப் பெயர். சின்ன வயதிலேயே இமையைத் தூக்கி, கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒட்டி மூடிப் பழக்கினால் மீட்கலாம். வயது ஏற ஏற மீட்பது கஷ்டம். அஞ்சுவுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து சாமுவேலிடம் சொன்னேன். "மதுரைக்குப் போறோம்."

"காய் சீசன் வருது டீச்சரே." அவர் என்னைக் கூப்பிடுவதே அப்படித்தான்.

"காய் அடுத்த வருஷமும் வரும். அந்தக் கண்ணு வராது."

அவர் பை எடுத்தார். ரோஸ் மதினியும் வருகிறேன் என்று கிளம்பினார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவா, என்னைப் பார்த்துக்கொள்ளவா என்று நான் கேட்கவில்லை.

கம்பம்மெட்டு வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதே காற்று சூடாகிவிடும். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கம்பம், தேனி, மதுரை. ஆஸ்பத்திரிக் கூடத்தில் நூறு நாற்காலி, அத்தனையிலும் ஆள். ஒரு சீட்டு, ஒரு எண், ஒரு சொட்டு மருந்து, அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார், மறுபடி ஒரு சொட்டு. நானும் அஞ்சுவும் பக்கத்தில் பக்கத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எதிர் வரிசைப் பெரியவர் ஒருவர், "ஃபேன் ஓடலையா தாயி? ரெண்டு பேரும் அதையே பாக்குறீக?" என்றார்.

"தாத்தா, நான் ஒங்களத்தான் பாக்குறேன்" என்றாள் அஞ்சு.

சின்னப் பிள்ளைகளின் கண் தசைகளைப் பார்க்கிற டாக்டர் என் வயதுக்காரர். அஞ்சுவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, "உங்க ரெண்டு பேரையும் சேர்த்து உக்கார வெச்சாலே பாதி ரிப்போர்ட் கிடைச்சிருது. உங்க அப்பாவுக்கா, அம்மாவுக்கா?" என்று கேட்டார்.

"அப்பாவுக்கு."

நாற்பத்தைந்து வருஷத்தில் என் முகத்தைப் பார்த்தவுடனே அதை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் அவர்தான்.

அஞ்சுவுக்கு மயக்கம் கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். அவளுக்கும் எனக்கும் சாமுவேலுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அது வேறு ஊருக்குப் போய் வரப் பல வாரம் ஆனது. ரிசல்ட் வந்த அன்றைக்கு நாங்கள் நால்வரும் டாக்டரின் அறையில். அஞ்சு சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள். மதினி கதவோரம் நின்றார்.

"இந்த மாதிரி கண்ணுக்குத் தசையில கோளாறுன்னுதான் ரொம்ப காலம் எல்லாரும் நினைச்சிருந்தாங்க. தசை இறுகிப்போயிருக்கு, நிஜந்தான். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்திருக்கு. நரம்பு போய்ச் சேரல" என்றார் டாக்டர். ஸ்கேன் படத்தில் பென்சிலால் ஒரு இடத்தைத் தொட்டார். "இங்க ஒரு கிளை இருக்கணும். நூல் மாதிரி கூட இல்ல பாருங்க."

"ஏன் போகல?"

"அதுக்கு ஒரு மோட்டார் காரணம். மோட்டார் புரதம்னு பேரு."

சாமுவேல் நிமிர்ந்தார். இத்தனை மாதத்தில் அவருக்குப் புரிந்த முதல் வார்த்தை அதுதான். "மோட்டாரா? எத்தன எச்.பி. டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்க தோட்டத்து மோட்டாரைச் சின்னதாக்கிக்கிட்டே போங்க. கண்ணுக்குத் தெரியாமப் போன அப்புறமும் இன்னும் ரொம்ப தூரம் போகணும்."

மருந்துச் சீட்டின் பின்பக்கம் அவர் வரைந்து காட்டியதை என் வார்த்தையில் சொல்கிறேன். கருவில் மூளை உருவாகும்போது அதன் தண்டுப் பகுதியிலிருந்து நரம்பிழைகள் புறப்படுகின்றன, ஒவ்வொன்றும் தனக்குரிய தசையைத் தேடி. வழிகாட்ட ஆள் கிடையாது. இழையின் நுனி, விரல் விரித்த கை மாதிரி இருக்கிறது. அது தடவித் தடவிப் போகிறது. இங்கே வா என்கிற ரசாயனத்தின் பக்கம் திரும்புகிறது. வராதே என்கிற பக்கத்திலிருந்து ஒதுங்குகிறது. இழைக்குள்ளே நீளவாக்கில் தண்டவாளம் போல நுண்குழல்கள் கிடக்கின்றன. அவற்றின் முனை நீண்டும் சுருங்கியும் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு இருந்தால்தான் நுனியால் வளரவும் திரும்பவும் முடியும்.

அந்தத் தண்டவாளத்தின் மேல் மோட்டார் புரதங்கள் நடக்கின்றன. பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒரு காலை ஊன்றி மறு காலை எடுத்துவைத்து, சரக்கைச் சுமந்துகொண்டு, நிஜமாகவே நடக்கின்றன. பச்சைக்காய்ச் சாக்கைத் தலையில் வைத்துச் சரிவேறுகிற எங்கள் ஆட்கள் மாதிரி. கைனீசின் என்று ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு: தண்டவாளத்தின் முனைக்குப் போய் அதன் துடிப்பைக் கட்டுப்படுத்துவது. வேலை இல்லாத நேரத்தில் அது தன்னையே மடித்துக்கொண்டு சும்மா கிடக்க வேண்டும். எங்கள் குடும்பத்து மோட்டாருக்கு அந்த மடிப்பு சரியாக வராது. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அது ஓயாமல் முனைக்குப் போய்ப் போய் அடக்கிக்கொண்டே இருக்கிறது. முனை மரத்துப்போகிறது. மேலே தூக்கும் தசைகளைத் தேடிக் கிளம்பிய இழைகள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

ஓயத் தெரியாத ஒன்று எனக்குள் இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். ஒரு பக்கம் எழுத நாலு பக்கம் கிழிக்கிறவள் நான். அது இவ்வளவு சின்ன இடத்தில் இருக்கும் என்று தெரியாது.

"மத்த நரம்பெல்லாம் ஒழுங்காப் போயிருக்கே. இதுக்கு மட்டும் ஏன்?" என்றேன்.

"அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல."

தெரியாததைத் தெரியாது என்று அவர் சொன்னதால், அடுத்த கேள்வியைக் கேட்கும் தைரியம் வந்தது. ஐந்து வருஷமாக முறத்துக்கு அடியில் கவிழ்ந்து கிடந்த கேள்வி.

"டாக்டர், இந்த நரம்பு எந்த மாசத்துல போகும்?"

"ரெண்டாம் மாசம் முடியறதுக்குள்ள. நீங்க கர்ப்பம்னு உறுதியாத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடியே அது கிளம்பியிருக்கும்."

"நான் அஞ்சாம் மாசத்துலருந்து குனிஞ்சு காய் பொறுக்கினேன்."

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். அப்புறம் அப்பாவின் நம்பிக்கையை முழுக்கச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்.

"எஸ்தர், நீங்க அந்த ஒன்பது மாசமும் வானத்தையே பாத்துட்டிருந்தாலும் இவ இப்படித்தான் பிறந்திருப்பா. உங்க அப்பாகிட்டருந்து உங்களுக்கு, உங்ககிட்டருந்து இவளுக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீங்க செஞ்ச எதுவும் காரணம் இல்ல."

செய்ததற்காக ஐந்து வருஷம் அழுதேன். இனி என் ரத்தத்தில் இருப்பதற்காக அழ வேண்டுமா என்று ஒரு நிமிஷம் மனது தடுமாறியது. அப்போது நாற்காலி சுற்றி நின்று, அஞ்சு தலையைச் சாய்த்து என் அப்பாவின் அதே பார்வை பார்த்தாள். அழ மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

கேண்டீனில் ரோஸ் மதினி தன் தட்டிலிருந்த வடையை எடுத்து என் தட்டில் வைத்தார். "தின்னு" என்றார். கொஞ்ச நேரம் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் மாசமாம்" என்றார் டம்ளரிடம்.

"ஆமா மதினி."

"ஊர்ல போயி எல்லாவளுக்கும் நானே சொல்லுதேன். நீ வாயத் தெறக்காத."

சொன்னார். லயத்தின் குழாயடியில், ஜெபக்கூட்டத்தில், அந்த மோட்டாரின் கதையை அவர் சொன்ன அழகைக் கேட்டிருக்க வேண்டும். "அது மடங்கணும்ட்டி, மடங்க மாட்டேங்குது, அதான் சங்கதி!" வீட்டுக்கு வந்து அலமாரி மேலிருந்த முறத்தை எடுத்து அரிசி புடைக்கக் கொண்டுபோய்விட்டார்.

முதல் ஆபரேஷன் கோடை லீவில். கண்ணைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் தசையை அதன் இடத்திலிருந்து பிரித்துப் பின்னால் தள்ளித் தைப்பார்கள். அப்போது கண் நேராக வரும். மேலே பார்க்க வராது. அதற்கான நரம்பு இல்லை, அதை யாரும் நட முடியாது. நேராகப் பார்க்கலாம், அவ்வளவுதான். அவ்வளவு போதும் என்று கையெழுத்துப் போட்டேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அஞ்சு பசியோடு ஒரு பச்சை அங்கியில் நடந்து போனாள். கதவு மூடுமுன் திரும்பி, "அம்மா, நீ அழுதா எனக்குத் தெரியாது, கண்ணு மூடியிருப்பேன். அதனால அழாத" என்றாள். அதில் என்ன நியாயம் என்று இன்று வரை யோசிக்கிறேன். அழவில்லை.

கட்டு அவிழ்த்தபோது வெள்ளை விழி முழுக்கச் சிவப்பு. நடுவில் கருவிழி நேராக நின்றது.

இரண்டாவது ஆபரேஷன் இமைக்கு. புருவத் தசையையும் இமையையும் தோலுக்கு அடியில் ஒரு சிலிக்கோன் நூலால் இணைப்பார்கள். புருவத்தை உயர்த்தினால் இமை தூக்கும். எவ்வளவு தூக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மற்றவர்கள் தூங்கும்போது இமைக்குள் கண் மேலே உருண்டு ஒளிந்துகொள்ளும். அஞ்சுவின் கண்ணுக்கு அது வராது. இமை கொஞ்சம் திறந்திருந்தாலும் கருவிழி வெளியே தெரிந்து, காய்ந்து, புண்ணாகும். புண் முற்றினால் பார்வையே போகலாம்.

"அதிகமாத் தூக்கினா காஞ்சிரும். குறைச்சாத் தூக்கினா பிரயோஜனம் இல்ல" என்றார் டாக்டர்.

சாமுவேலுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "எங்க டிரையரும் அப்படித்தான் டாக்டர். சூட்டைக் கூட்டினா காய் வெடிச்சிரும். கொறச்சா பச்ச போயிரும்."

ஓணம் லீவுக்கு முன்னால் நூலைக் கட்டினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பகலில் சொட்டு, படுக்கும்போது களிம்பு, தூசி படக் கூடாது, ஃபேன் நேராக வீசக் கூடாது. எல்லாம் எழுதி வாங்கி வந்தோம். எங்கள் ஊரில் ஃபேன் எதற்கு? மலையில் அடைமழை. சுவரெல்லாம் ஈரம். ஆபரேஷன் பண்ணின பிள்ளைக்குக் குளிரக் கூடாது என்று சாமுவேல் கட்டிலைத் தள்ளி வீட்டின் மிகக் கதகதப்பான இடத்தில் போட்டார். எங்கள் குவார்ட்டர்ஸின் ஒரு சுவர் ஸ்டோரின் டிரையர் அறையோடு ஒட்டியது. சீசனில் அந்தச் சுவர் ராத்திரி பகலாகச் சுடும். மழைக்காலத்தில் துணி காயப்போடுவதே அங்கேதான். மதினி தடிப் போர்வையை மடித்து மெத்தை போட்டார். அஞ்சு சுவரில் கன்னத்தை வைத்து, "சுடச்சுட இட்லி மாதிரி இருக்கு" என்றாள். எங்கள் மூன்று பேருக்கும் மனசு நிறைந்துபோனது.

ஆறாம் நாள் இடது கண் சிவந்தது. மணல் விழுந்த மாதிரி இருக்கிறது என்றாள். மீட்க வந்த கண்ணே அதுதான். நால்வரும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம்.

டாக்டர் ஒரு மஞ்சள் சொட்டு விட்டு, நீல விளக்கை அடித்தார். கருவிழியின் கீழ்ப்பக்கம் பச்சையாக ஒரு கீற்று ஒளிர்ந்தது. நல்ல காயின் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்து விலை சொல்கிற ஊரிலிருந்து வந்த சாமுவேல், "பச்சை தெரிஞ்சா நல்லதா டாக்டர்?" என்று ஆசையாகக் கேட்டார்.

"இல்லங்க. காஞ்சுபோன இடந்தான் அப்படித் தெரியும்." டாக்டர் திரும்பி என்னைக் கேட்டார். "ஏசி ரூம்ல படுக்க வெச்சீங்களா? ஃபேனா? அடுப்புப் பக்கமா?"

நான் சாமுவேலைப் பார்த்தேன். அவர் முகத்தில் அது ஏறியதைப் பார்த்துவிட்டேன். பச்சைக்காயிலிருந்து ஈரத்தை எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவர். அந்தச் சுவர் என்ன செய்யும் என்று ஊரில் அவரை விட யாருக்குத் தெரியும்?

"நாலு நாள் இங்கயே வெச்சுப் பாப்போம்" என்றார் டாக்டர். "குறையலைன்னா நூலை எடுத்து இமையை இறக்கணும். பின்னாடி திரும்பப் போடலாம். ஆனா இந்தக் கண்ணுக்கு நாள் வீணாகும். அதான் யோசிக்கிறேன்."

மணிக்கு ஒரு தடவை சொட்டு. கண்ணின் மேல் ஈரம் காக்கிற ஒரு கண்ணாடிக் கூடு. அஞ்சு அதைப் போட்டுக்கொண்டு, தான் மீன் என்று வார்டு முழுக்க அறிவித்தாள். சாமுவேல் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நானே காய வச்சுட்டேன் டீச்சரே."

எனக்குள் ஒரு கசப்பான மூலை இருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஐந்து வருஷம் மதினி முறத்தைப் பார்த்தபோது இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மூலை ஒரு நொடி வாய் திறந்தது. அதற்குள் ரோஸ் மதினி வந்து பெஞ்சின் மறு முனையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கட்டிலத் தள்ளுனது நீ. மெத்தையப் போட்டது நானு. பாதி எனக்கு. குடு இங்க."

அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தையா கேட்டார், குற்றத்தையா என்று தெரியவில்லை. பொட்டலத்தைப் பிரித்துத் தம்பிக்கு ஒரு வாய் ஊட்டியே விட்டார், ஐம்பது வயது ஆளுக்கு.

எனக்குக் கசப்பு இறங்கிவிட்டது. "நான் அஞ்சு வருஷம் ஒரு முறத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். "நீங்க ஒரு செவுரப் பாத்துக்கிட்டு உக்காராதீங்க. நமக்கு அவ்வளவு நாள் இல்ல. எழும்புங்க. பத்து மணிச் சொட்டு உங்க முறை, பதினொண்ணு மதினி, பன்னெண்டு நான்."

எழுந்தார். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். டிரையரின் சூட்டைப் பார்க்கிற அதே கவனத்தோடு கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டார், ஒன்றுகூடச் சிந்தவில்லை. நான்கு நாளும் ஒரு மணி தவறவில்லை. ராத்திரியில் மூவரும் முறை வைத்து விழித்தோம். ஓயத் தெரியாத மோட்டாரால் அந்த நான்கு நாளில் எனக்கு லாபம்தான்.

நான்காம் நாள் அறையை இருட்டாக்கினார்கள். மஞ்சள் சொட்டு. நீல விளக்கு. டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து, "நீங்களே பாருங்க" என்று சாமுவேலைக் கூப்பிட்டார்.

அவர் குனிந்தார். எஸ்டேட்டில் எந்த முதலாளியிடமும் சொல்ல நடுங்குகிற வார்த்தையை, அழுதுகொண்டே சிரித்துச் சொன்னார்: "பச்ச போயிருச்சு டீச்சரே! பச்ச போயிருச்சு!"

நூல் அதன் இடத்திலேயே இருக்கிறது. கட்டில் இப்போது ஜன்னல் பக்கம். குளிருக்கு இன்னொரு போர்வை. களிம்பு இனி எத்தனையோ வருஷத்துக்கு உண்டு. தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டி மூடுகிறோம். போன மாதம் இடது கண்ணால் அஞ்சு பெரிய எழுத்தில் மூன்று வரி வாசித்தாள். நாலாவது வரிக்கு இன்னும் வேலை இருக்கிறது. என் கண்ணுக்கும் செய்யலாம், இரட்டையாகத் தெரிகிற ஆபத்து உண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றிருக்கிறார் டாக்டர். நாலாவது வரி முடியட்டும், யோசிக்கலாம்.

பள்ளி அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்று போன சனிக்கிழமை தாஸ் அண்ணனின் ஸ்டுடியோவுக்குப் போனோம். அஞ்சு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். அவர் பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு அவள் தாடைக்குப் போனார். கை பாதி வழியில் நின்றது. தலை நேராக இருந்தது. புருவத்தை உயர்த்தி அவள் அவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை மடக்கிக்கொண்டு காமிராவுக்குப் பின்னால் போய் அப்படியே படம் எடுத்தார்.

"டீச்சரும் கூட இருக்கட்டும். ஒண்ணு சேர்த்து எடுக்கலாம், காசு வேண்டா" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையை என் இடத்தில் வைத்தேன்.

"டீச்சரே, தலை இச்சிரி..."

"தாழ்த்த மாட்டேன் தாஸ் அண்ணா. இப்படியே எடுங்க."

வெளிச்சம் ஒரு முறை அடித்தது. அவர் சின்னத் திரையில் படத்தைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"நாலு கண்ணும் தெறந்திருக்கு டீச்சரே" என்றார்.